என் மகள் காட்டிய கட்டில்

பிறந்தநாளோ, பிள்ளை பெரியவளான சாமத்திய வீடோ, நாலு தமிழ்ச்சனம் கூடுகிற இடம் எதுவென்றாலும் என்னிடம் ஒரு கதை கேட்பார்கள். "அக்கா, உங்கட மகள் பொலிசைப் பேய்க்காட்டின கதையைச் சொல்லுங்கோவன்" என்பார்கள். அவள் பொலிஸ்காரரை ஏமாற்றின கதை அது. கேட்க வேண்டியதுதான் தாமதம், தொடங்கிவிடுவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இவர், என் கணவர், அதைக் கலியாணம் முடித்த மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டார். கையை ஆட்டி, பொலிஸ்காரரின் குரலில் ஒருதரம், குழந்தையின் குரலில் ஒருதரம் பேசி நான் சொல்லி முடிக்க, சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். மகள் மட்டும் கதை தொடங்கினவுடன் எழும்பி வெளியே போய்விடுவாள். பெட்டைக்கு வெட்கம் என்று அதற்கும் சேர்த்துச் சிரிப்பேன்.

பதினைந்து வருடம் அப்படிச் சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

கதை இதுதான். அவளுக்கு அப்போது ஏழு வயது. நாங்கள் இத்தாலியின் பலெர்மோ நகரில், கால்சாப் பக்கம் ஓர் ஒற்றை அறையில் இருந்தோம். வீட்டுக்காரர் வாடகையைக் கையில் வாங்குவாரே தவிர ஒப்பந்தம் எழுதித் தரமாட்டார். ஒப்பந்தம் இல்லாமல் மாநகரசபையில் விலாசம் பதிய முடியாது. அந்த விலாசப் பதிவை இங்கே ரெசிடென்சா என்பார்கள். அது இல்லாவிட்டால் பெர்மெசோ, அதாவது இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதி, புதுப்பிக்கப் போகிற இடத்தில் நாய் படாத பாடு. ஆகவே எங்கள் சனம் வழமையாகச் செய்வதை நாங்களும் செய்தோம். அதே நகரில் ஒரேத்தோப் பக்கம் முறையான ஒப்பந்தத்தோடு மன்னார் அக்கா ஒருவர் குடும்பமாக இருந்தார். அவர் வீட்டில்தான் நாங்களும் இருக்கிறோம் என்று எழுதிக் கொடுத்தோம்.

எழுதிக் கொடுத்தால் மட்டும் காணாது. உண்மையாகவே அங்கே இருக்கிறோமா என்று பார்க்க மாநகரப் பொலிஸ்காரர் ஒருவர் வீட்டுக்கு வருவார். எந்த நாள், எத்தனை மணி என்று சொல்லமாட்டார்கள். காலையில், சிஞ்ஞோரா என்று நான் கூப்பிடுகிற ஓர் இத்தாலிய அம்மா வீட்டில் துப்புரவு வேலையை முடித்துக்கொண்டு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் எடுத்து, நேரே பஸ் ஏறி அக்கா வீட்டுக்குப் போய்க் காவல் இருப்பேன். பஸ்ஸில் பாடம் நடக்கும்.

"ஆரும் வந்து கேட்டா, எங்கை இருக்கிறம்?"

"இஞ்சை. பெரியம்மா வீட்டிலை."

"பெரியம்மா வீடு எண்டு சொல்லப்படாது. எங்கட வீடு எண்டு சொல்லோணும். எங்கை படுக்கிறனி?"

"ஜன்னல் பக்கத்துக் கட்டிலிலை."

"கெட்டிக்காரி."

அந்தக் கட்டில் அக்காவின் மகளுடையது. அவளுக்கும் இவளுக்கும் ஒரே வயது.

நாலாம் கிழமை, ஒரு பின்னேரம், அந்தப் பொலிஸ்காரர் வந்தார். வெள்ளைத் தொப்பி, கையில் கோப்பு, சிரித்த முகம். என்னிடம் பெயரைக் கேட்டு எழுதினவர், திடீரென்று குனிந்து பிள்ளையிடம், "நீ எங்கே படுக்கிறாய், சின்னவளே?" என்று கேட்டார். இவளோ அவரின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் கட்டிலைக் காட்டினாள். காட்டினதோடு விட்டாளா? தலையணையைத் தூக்கி, அடியில் கிடந்த மற்றப் பிள்ளையின் இரவுச்சட்டையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்து, "இதுதான் நான் படுக்கும்போது போடுகிறது, அம்மா நேற்றுத்தான் தோய்த்தவ" என்று பலெர்மோத் தெருப்பிள்ளைகளின் இத்தாலியத்தில் ஒரு போடு போட்டாள். அது நான் சொல்லிக்கொடுக்காதது. அவளின் சொந்தச் சரக்கு. மனிதன் வாய்விட்டுச் சிரித்து, தொப்பியைக் கழற்றி அவள் தலையில் வைத்து அழகு பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு, கோப்பில் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போனார்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன். ஏழு வயதுப் பிள்ளையை! வழியில் பிரியோஷ் என்கிற இனிப்புப் பணிசுக்குள் ஐஸ்கிரீம் வைத்து வாங்கிக் கொடுத்தேன். "என்ரை குஞ்செல்லே, என்ரை தங்கமெல்லே" என்று தெருவில் நின்று கொஞ்சினேன். பிறகு அவள் வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்தபோதுகூட அப்படிக் கொஞ்சினதில்லை.

சீருடை போட்டவனுக்கு முன்னால் உண்மை சொல்லுகிற பழக்கம் எனக்கு எங்கே இருந்தது? இலங்கையில், யுத்தத்துக்குள், நான் இளம்பெட்டையாக இருந்த காலத்தில், சோதனைச் சாவடியில் நின்றவன் எதைக் கேட்க விரும்பினானோ அதைச் சொல்லிவிட்டு வீடு போய்ச் சேருவதுதான் புத்தி. அந்தப் புத்தியைச் சாமானோடு சாமானாகக் கட்டிக்கொண்டு வந்து, இந்த ஊரில் பிறந்த பிள்ளைக்கும் ஊட்டிவிட்டேன். இதைச் சாட்டாகச் சொல்லவில்லை என்று எழுதப் பார்த்தேன். சாட்டுத்தான்.

அந்தத் தொப்பியை அவள் மறக்கவில்லை. பதினெட்டு வயதில் இத்தாலியக் குடியுரிமை கிடைத்தது. இங்கே பிறந்து, இடைவெளி இல்லாமல் இங்கேயே இருந்த பிள்ளைகளுக்கு அப்படி ஒரு வழி இருக்கிறது. கிடைத்த அடுத்த கிழமை, சோறு போட்டுக்கொண்டு நின்ற என்னிடம் வந்து, பொலிசில் சேரப்போவதாகச் சொன்னாள்.

"பொலிசோ? உனக்கென்ன விசரோ? பொலிசைக் கண்டா மற்றப் பக்கத்தாலை போற சனம் நாங்கள்."

"நீங்கள் போங்கோ அம்மா. நான் இந்தப் பக்கத்தாலை போறன்."

வாய் என்னுடையது, பிடிவாதம் தகப்பனுடையது. நாலு வருடம், கோடையில் மொண்டெல்லோக் கடற்கரையில் குடைகளும் சாய்வுக் கதிரைகளும் விரித்துக் கொடுக்கிற வேலை, மற்ற நேரமெல்லாம் படிப்பு. எழுத்துப் பரீட்சையில் சித்தியடைந்தாள். ஓட்டத்தில் சித்தி. வைத்தியப் பரிசோதனையிலும் சித்தி. கடைசியாக ரோமில் ஒன்று மிச்சம் இருந்தது. எங்கள் சனம் அதைப் பொய் பிடிக்கிற சோதனை என்றது. கையில் வயரைக் கட்டி நாடி பார்க்கிற பெட்டியை நான் தொலைக்காட்சியில் கண்டிருந்தேன், அதுதானாக்கும் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் கிடையாதாம். நூற்றுக்கணக்கான வசனங்கள் அச்சடித்த தாள். ஒவ்வொன்றுக்கும் சரி அல்லது பிழை என்று புள்ளடி போடவேண்டும். பிறகு ஓர் உளவியலாளருக்கு முன்னால் இருந்து கதைக்கவேண்டும். அவ்வளவுதான்.

அவ்வளவுதானே என்று நானும் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. அவள் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்க, கட்டிலில் குந்திப் பாடம் தொடங்கினேன்.

"எல்லாத்துக்கும் நல்ல பிள்ளையாப் புள்ளடி போடு. கோவம் வாறது எண்டு போடாதை. வீட்டிலை சண்டை எண்டு போடாதை. அம்மா அப்பாவைப் பற்றி ஒரு குறை வரப்படாது. விளங்கிச்சோ?"

"ஓம் அம்மா."

ரோமில் இருந்து ஒரு தாளோடு திரும்பி வந்தாள். சாப்பாட்டு மேசையில் உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் அதை வைத்தாள். நோன் இதோனெயா என்று எழுதியிருந்தது. தகுதியில்லை.

"ஏனாம்?" என்று கேட்டேன்.

"நான் உண்மையாக் கதைக்கேல்லையாம். எதையோ மறைக்கிறனாம்."

நான் கத்தத் தொடங்கினேன். தோலைக் கண்டிருப்பாங்கள், பெயரைக் கண்டிருப்பாங்கள், எங்கட பிள்ளையளை விடுவாங்களோ, கண்டறியாத சோதனை என்று வாயில் வந்ததெல்லாம். அவள் நான் முடிக்கும் வரைக்கும் பொறுத்திருந்தாள். "அப்பிடி இல்லை அம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள்.

அந்தத் தீர்ப்பை எதிர்த்து அறுபது நாளுக்குள் வழக்குப் போடலாம் என்று எனக்குச் சொன்னவர் ஒரு சட்டத்தரணி அம்மா. அவரின் அலுவலகத்தைச் செவ்வாயும் வெள்ளியும் நான்தான் துடைக்கிறேன். முதல் வேலையாக மகளின் விடைத்தாளையும் குறிப்புகளையும் கேட்டு எழுதினார். அவை வந்து சேர்ந்ததும் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அவரின் கதிரைகளுக்கு அடியில் தூசு எங்கே சேரும் என்று எனக்குத் தெரியும், ஆனால் அவற்றில் நான் இருந்தது அன்றைக்குத்தான் முதல்தரம். நுனியில் இருந்தேன்.

"இங்கே பாருங்கள்" என்று வாசித்தார். "'எனக்கு ஒருபோதும் கோபம் வருவதில்லை.' சரி என்று போட்டிருக்கிறாள். 'வாழ்க்கையில் ஒரு சின்னப் பொய்யும் சொன்னதில்லை.' சரி. 'என் பெற்றோர் என்னைப் பிழையான எதையும் செய்யச் சொன்னதே இல்லை.' அதற்கும் சரி." கண்ணாடியைக் கழற்றினார். "இப்படியான வசனங்களை வேண்டுமென்றே கலந்து வைப்பார்கள். மனிசராகப் பிறந்த யாரும் எல்லாவற்றுக்கும் சரி போடமாட்டார். போட்டால், பொய் என்று தாளே காட்டிக் கொடுத்துவிடும்."

நான் சொல்லிக்கொடுத்த பதில்கள். ஒன்று தவறாமல் போட்டிருந்தாள்.

அடுத்தது உளவியலாளரின் குறிப்பு. பொலிசில் சேரும் ஆசை எப்போது வந்தது என்று கேட்டிருக்கிறார்கள். எனக்கு ஏழு வயதில், வீட்டுக்கு வந்த ஓர் அதிகாரி தன் தொப்பியை என் தலையில் வைத்தார் என்று சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறாள். அவர் ஏன் வீட்டுக்கு வந்தார் என்று கேட்டிருக்கிறார்கள். முகம் மாறிவிட்டதாம். நினைவில்லை என்றாளாம். வேறு வேறு விதமாக மூன்று தரம் கேட்டும் நினைவில்லை என்றாளாம்.

சட்டத்தரணி அம்மா தாளை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அந்த அதிகாரி ஏன் வந்தார், சிஞ்ஞோரா?"

அது நான் சொல்லவேண்டிய பதில். ஒரு வசனம் போதும், என் பிள்ளை என்னைக் காப்பாற்றத்தான் அங்கே வாயை மூடிக்கொண்டு இருந்தாள் என்று அந்த அம்மாவுக்கு விளங்கியிருக்கும். "எனக்கும் நினைவில்லை. சின்னப்பிள்ளைக் கதை" என்றேன். பதினைந்து வருடமாக ஊர் முழுக்க அந்தக் கதையைச் சொல்லித் திரிந்த இதே வாயால் சொன்னேன். மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபப் பார்வை என்றால் தாங்கியிருப்பேன். இவ இப்படித்தானே என்று எப்போதோ தெரிந்துகொண்டவள் பார்க்கிற பார்வை அது.

வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றினவுடன் கேட்டாள்.

"அம்மா, வழக்கு வெண்டு திரும்பவும் சோதிச்சுக் கேட்டினம் எண்டா நான் அந்தக் கட்டிலைப் பற்றிச் சொல்லட்டே?"

"ஐயோ, வாயைத் திறந்துபோடாதை! அந்த ரெசிடென்சாவிலைதான் உன்ரை குடியுரிமை நிக்குது. பொய் எண்டு தெரிஞ்சா எல்லாத்தையும் பறிச்சுப்போடுவாங்கள். எங்கட பெர்மெசோவும் போயிடும். அந்த மன்னார் அக்காவும் மாட்டுப்படுவா."

"பறிக்கமாட்டினம். நான் சட்டம் வாசிச்சனான்."

"பெரிய சட்டம் வாசிச்சவ!"

"அப்ப திரும்பவும் ஞாபகம் இல்லை எண்டே சொல்லட்டே? எப்பிடிச் சொல்லுறது எண்டு இப்பவே சொல்லித் தாங்கோ. அண்டைக்கு பஸ்ஸிலை சொல்லித் தந்த மாதிரி."

அறைந்திருந்தாலும் அவ்வளவு நொந்திருக்காது. குசினிக்குள் இருந்து இவர், "காணும், ரெண்டு பேரும் விடுங்கோ" என்றார். விட்டோம். ஆனால் அடுத்த சில நாட்கள் அந்த வீட்டில் உப்பைத் தா, கதவைச் சாத்து என்பதற்கு மேல் கதை இல்லை.

என் பயம் என்னவென்று உள்ளதை எழுதவேண்டும். பெர்மெசோ பாதிதான். மற்றப் பாதி, தாய்தான் பொய் சொல்லிக்கொடுத்தவள் என்று எங்கேயோ ஓர் அரசாங்கத் தாளில் என்னைப் பற்றி எழுதப்படுமே என்பது. பிள்ளையின் வேலை ஒரு பக்கம், என் மானம் ஒரு பக்கம் என்று வைத்துப் பார்த்தபோது, ஒரு கிழமை முழுக்க என் மானம்தான் கனத்தது. பெற்ற தாய் நான். இதை எழுதுகிற கைக்குக்கூட வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை அலுவலகம் துடைக்கப் போனேன். சட்டத்தரணி அம்மா கணினியில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். நான் அவரின் மேசைக்குக் கீழே துடைத்துக்கொண்டிருந்தேன். முகத்தைப் பார்க்கத் தேவையில்லாத அந்த இடத்தில், நிலத்தைப் பார்த்தபடியே சொல்லத் தொடங்கினேன். இருபத்தைந்து வருட இத்தாலியம் அன்றைக்கு என்னைக் கைவிட்டுவிட்டது. வினைச்சொல் ஒன்றும் வாயில் வரவில்லை. பொலிஸ், ரெசிடென்சா, கட்டில், எங்களுடையதில்லை, பொய், நான், பிள்ளை இல்லை, நான் என்று துண்டு துண்டாக விழுந்தது.

அவர் தட்டுவதை நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். பிள்ளை பிறந்தது இங்கேதானே? பள்ளிக்கூடப் பதிவு எல்லா வருடத்துக்கும் இருக்கிறதா? தடுப்பூசி அட்டை? எல்லாம் இருக்கிறது, ஒரு நாள்கூடத் தவறவில்லை என்றேன்.

"அப்படியென்றால் குடியுரிமைக்குப் பயப்படாதீர்கள். அவள் இந்த நாட்டில் வளர்ந்தாளா என்பதுதான் கேள்வி. எந்தக் கட்டிலில் படுத்தாள் என்று யாரும் கேட்கப்போவதில்லை." பிறகு சிரித்தார். "இந்த ஊரில் மாமி வீட்டு விலாசத்தில் பதிந்தவர்களை எண்ணத் தொடங்கினால் முடியுமா, சிஞ்ஞோரா? என் சொந்தத் தம்பியே அப்படித்தான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரும் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார், "இதற்காகவா அந்தப் பிள்ளை நினைவில்லை, நினைவில்லை என்று சொன்னாள்?"

நான் வாளியைத் தூக்கிக்கொண்டு கழிவறைக்குள் போய், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பின்னேரம் மகள் சாப்பிட்டுக்கொண்டிருக்க, பக்கத்தில் போய் நின்றேன். "கேட்டா, சொல்லு. எல்லாத்தையும் சொல்லு. லோயர் அம்மாவுக்கு நான் சொல்லிப்போட்டன்."

நிமிர்ந்தாள். "நீங்களாவோ சொன்னனீங்கள்?"

"ஓம்."

கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தாள். "இந்தமுறை பாடம் ஒண்டும் இல்லையோ?"

"இல்லைப் பிள்ளை. இந்தப் பாடம் எனக்குத் தெரியாது."

வழக்குப் போட்டோம். இரண்டு வரிக் காரணத்தோடு ஒரு பிள்ளையைத் தள்ளிவிட முடியாது என்று சட்டத்தரணி அம்மா வாதாடினார். பல மாதம் இழுபட்டு, கடைசியில் நீதிபதி, வேறு ஆட்களைக் கொண்ட ஒரு குழு அவளை மறுபடி சோதிக்கட்டும் என்றார். நானும் ரோமுக்குக் கூடப் போனேன். அவள் உள்ளே போக, வீதிக்கு எதிர்ப்பக்கம் ஒரு காப்பிக் கடையில் இருந்தேன். மூன்று காப்பி குடித்தேன். எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன், மன்னார் அக்கா கும்பிடுகிற மாதாவையும் விடவில்லை.

மத்தியானம் தாண்டி வெளியே வந்தாள். வீதியைக் கடக்கும்போதே தலையை ஆட்டினாள். இதோனெயா. தகுதி உண்டு. நான் கடைக்குள் நின்று குழறி அழுதேன். கடைக்காரர் பயந்து தண்ணீர் கொண்டுவந்தார்.

கொஞ்சம் அடங்கின பிறகு கேட்டேன். "கட்டிலைப் பற்றிக் கேட்டவையோ?"

"கேட்டவை. எல்லாம் சொன்னனான். இரவுச்சட்டை எடுத்துக் காட்டினதையும் சொன்னனான். அது நீங்கள் சொல்லித் தரேல்லை, நான்தான் செய்தனான் எண்டும் சொன்னனான்."

"என்னைப் பற்றி என்ன கேட்டவை?"

"உங்களைப் பற்றிக் கேக்கேல்லை. பொய் சொன்னதுக்கு அண்டைக்கு வெக்கமா இருந்ததோ எண்டு அந்த டொக்டர் கேட்டவ. இல்லை எண்டன். சரியான சந்தோஷமா இருந்தது எண்டன். அம்மா என்னை வழி முழுக்கத் தூக்கிக்கொண்டு வந்தவ எண்டன்." காப்பிக் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். "வெக்கம் பிறகுதான் வந்தது எண்டன். அம்மா அதை எல்லாருக்கும் சொல்லிச் சிரிக்கேக்கை."

மன்னிப்புக் கேட்கிற பழக்கமும் எங்கள் வீட்டில் இல்லை. அவளின் கையைப் பிடித்தேன். விமானத்துக்கு நேரமாகிறது என்று அவள்தான் எழும்பினாள்.

பயிற்சிக்குப் போவதற்கு முதல் ஞாயிறு, ஒரு பிறந்தநாளுக்குப் போனோம். மண்டபம் நிறையத் தெரிந்த சனம். கேக் வெட்டி முடியவில்லை, ஒரு தங்கச்சி தொடங்கிவிட்டாள்.

"அக்கா, உங்கட மகள் பொலிசைப் பேய்க்காட்டின கதை! இப்ப அவளே பொலிசாப் போறாளாம். சொல்லுங்கோ, சொல்லுங்கோ!"

கதிரைகளை என் பக்கம் திருப்பினார்கள். சுவரோரம் இருந்த மகள் வழமைபோலக் கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினாள்.

"அது அவள் பேய்க்காட்டின கதை இல்லை" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொருதரம் பலமாகச் சொன்னேன். "பேய்க்காட்டினது நான். அவளுக்கு ஏழு வயது. நான்தான் பஸ்ஸிலை வைச்சுப் பொய் சொல்லப் பழக்கினனான். பிறகு அதை உங்களுக்குப் பகிடியாச் சொல்லிச் சொல்லி, அந்தப் பிள்ளையை இவ்வளவு காலமும் நாணப்படுத்திப்போட்டன். இனி அதை ஒருத்தரும் கேளாதையுங்கோ."

ஒருவரும் சிரிக்கவில்லை. கேட்ட தங்கச்சி, கையில் கேக்குத் தட்டோடு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றாள். என் முகம் அடுப்புக்கு முன்னால் நின்றதுபோலக் கொதித்தது.

மகள் கதவடியில் நின்று என்னைப் பார்த்தாள். பிறகு திரும்பி வந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்துக் கதிரையில் இருந்தாள்.